முப்பத்தெட்டுத் தாய்மார்

குளக்கட்டோரத்துப் பாலைகள் ஏழும் பார்க்க வடிவு.
நேரான தண்டு. மஞ்சளாய் மினுங்கும் பழம்.
ஒரு கொப்பை உலுப்பினால்
ஒரு கடகம் நிறையும்.
"இதிலை பொறுக்குவம், மத்தியானத்துக்குள்ளை முடியும்"
என்றார் குகநேசன்.
நாற்றுமேடையில் அவருக்கு
இருபதாயிரம் பைகள் காத்திருக்கின்றன,
மண் நிரம்பி, வாய் திறந்தபடி.

மரத்தைப் பார்த்து வேண்டாம் என்றேன் என்று சொல்லலாம்.
உண்மையில் நான் பார்த்தது ஒரு தாளை.
போன வருடம் சிலிக்கா மணிகளோடு பொதிந்து
பேராதனைக்கு அனுப்பிய இலைகள்
எண்களாகத் திரும்பியிருந்தன.
நிலூஷி தொலைபேசியில் தன் தமிழில் சொன்னாள்:
"குளத்து மரம் எல்லாம் ஒரே அம்மா, ஒரே அப்பா.
தங்களுக்குள்ளேயே கல்யாணம். அது வேணாம்."

குளம் திருத்திய ஆண்டில் யாரோ
ஒரே மரத்தடியில் அள்ளிய கொட்டைகளை
வரிசையாய் ஊன்றியிருக்க வேண்டும்.
நல்ல மனிசன்.
அவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

நாங்கள் நடப்போவது கிரவல் குழியில்.
புளியங்குளத்துக்கு மேற்கே
ரிப்பர்கள் எட்டு வருடமாய் அள்ளிக்கொண்டுபோய்
வீதியாக விரித்த காடு அது.
காப்பற் வீதி நல்லாயிருக்கு என்கிறவர்கள்
அதன் மேலேதான் வருகிறார்கள்.
எஞ்சியது செங்கல். மாரியில் சேறு,
கோடையில் இரும்பு.
அங்கே ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இருபதாயிரத்தை நிறுத்தினால்
ஒரு பூஞ்சணம் போதும்.

ஆகவே முப்பத்தெட்டு மரம்,
ஒன்றையொன்று அறியாதவை.
பாதி கூனல். ஒன்று இடி விழுந்து பிளந்தது.
சிலதின் உடம்பில் செல்துண்டு,
வாள் பல்லுடையும் என்று
மரக்காரர் அதனாலேயே விட்டுவைத்தவை.
பழம் ஒரு மரத்துக்கு ஒரு பேணி, அதுவும் அணில் மிச்சம்.
கொக்கத்தடியோடு குகநேசன் புறுபுறுத்தார்:
"கொழுத்த மாட்டை விட்டிட்டு
எலும்பை அவிழ்த்துக்கொண்டு வந்த கதை."

பதினேழாம் மரமும் முப்பத்தோராம் மரமும்
தாயும் பிள்ளையும் என்கிறது தாள்.
தாய் ஓமந்தைக்குத் தெற்கே.
பிள்ளை இங்கே, தொடையளவு தண்டு,
முப்பது வயது மதிக்கலாம்.
அந்த நாளில் இரண்டுக்கும் நடுவே
மண்ணணை, சாவடி,
சவர்க்காரத்தையும் எண்ணிப் பார்த்து விட்ட காலம்.
"கரடியாயிருக்கும்" என்றேன்.
"அங்கை தின்டிட்டு, இரவு நடந்து வந்து, இங்கை இருந்திருக்கும்."

குகநேசன் நிமிர்ந்தார்.
"கரடிக்கு ஆர் பாஸ் குடுத்தது?"

சிரித்தோம்.
பிறகு நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.
தகப்பனின் செத்தவீட்டுக்குக் கேட்ட பாஸ்
முப்பத்தொன்று முடிந்துதான் அவர் கைக்கு வந்தது.

நிலூஷி இன்னொன்றும் சொல்லியிருந்தாள்:
முசலிப் பக்கத்து வறண்ட மரங்களிலும்
ஐந்தில் ஒரு பங்கு கலவுங்கள்,
வரப்போகும் கோடைகள் உங்களுடையவை அல்ல.
திணைக்களப் படிவத்தில் ஒரு கூடு:
விதையின் பூர்வீகம்.
பேனையோடு நெடுநேரம் இருந்தேன்.
இந்த மண்ணில் அந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது.
ஆர் ஊரார், ஆர் வந்தார்...
நான் மரங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்,
தயவுசெய்து மனிதருக்கு இதை எடுத்துப் பிடிக்காதேயுங்கோ.

'பல' என்று எழுதினேன்.
தெளிவில்லை என்று திரும்பி வந்தது.
மறுபடி எழுதினேன்:
தாய்மார் முப்பத்தெட்டு, முசலியார் தனி.
தகப்பன்மார் தெரியாது.
காவியது கரடி.

குளத்துப் பழத்திலும் ஒரு கடகம் பொறுக்கினோம்,
தின்ன.
என்ன இனிப்பு.
பால் பிடித்து உதடுகள் ஒட்டிக்கொண்டன.
அதோடு பேச்சில்லை.
பைகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தோம்,
இருட்டும் வரை.